காற்றில் கரியமில வாயு கூடுகிறது, செட்டிநாட்டு மேய்ச்சல் ஏன் கூடவில்லை?

தேவகோட்டைப் பக்கம் நாலைந்து மாடு வைத்துப் பிழைக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "கரியமில வாயுதான் செடிக்குச் சாப்பாடு, அது காற்றில் வருஷா வருஷம் கூடுகிறது, அதனால் புல்லெல்லாம் செழிக்கும் என்று படித்தேன். எங்கள் கண்மாய்க் கரையிலும் பொட்டலிலும் அப்படி ஒன்றும் தெரியவில்லையே? மேய்ச்சல் நிலத்தில் யூரியா தூவினால் அந்தப் பலன் கிடைத்துவிடுமா?"

நீங்கள் படித்தது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, உங்கள் பொட்டலில் நிற்பது எந்த வகைப் புல் என்பது. இன்னொன்று, அது நிற்கிற செம்மண். யூரியா பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு, மூட்டையை வாங்க வேண்டாம்.

முதலில் காற்று. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 280 பங்குதான் இருந்தது. ஹவாய் தீவின் மலை உச்சியில் 1958-இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு செடிக்கு அதன் முக்கியமான மூலப்பொருள் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் வளர்ச்சி எகிறத்தானே வேண்டும்? சில செடிகளில் எகிறுகிறது. உங்கள் பொட்டல் புல்லில் அந்த அளவுக்கு எகிறாது. அதற்குக் காரணம் இலைக்குள் இருக்கிறது.

புல் இனத்தில் ஒளிச்சேர்க்கை இரண்டு விதமாக நடக்கிறது. நெல், கோதுமை, மூங்கில் எல்லாம் பழைய முறை. இதை சி3 என்பார்கள். கரும்பு, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை, தினை, குதிரைவாலி எல்லாம் பிந்தி வந்த முறை, இது சி4. உங்கள் பக்கம் வரப்பில் படரும் அருகம்புல், பொட்டலில் நிற்கும் கொழுக்கட்டைப்புல், வேட்டியில் குத்தி ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும் ஊசிப்புல், வெட்டிவேர், நாணல் எல்லாமே சி4 தான். கோரை புல் இனமே இல்லை, வேறு குடும்பம். ஆனாலும் தோட்டத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அந்தக் கிழங்குக் கோரையும் சி4. வெயில் கொளுத்தும் திறந்த வெளியில் சி3 புல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வித்தியாசம் என்னவென்றால், எல்லாச் செடியிலும் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. அது கொஞ்சம் அவசரக் குடுக்கை. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் ஏற்கெனவே சேர்த்த கரிமத்தில் ஒரு பகுதி வீணாகத் திரும்பக் காற்றுக்கே போகும். வெயில் நாளில் சி3 செடி சேர்த்ததில் சுமார் கால் பங்கு இப்படிப் போய்விடுகிறது. சூடு ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும். காற்றில் கரியமில வாயு கூடினால் ரூபிஸ்கோ தப்புப் பண்ணுவது குறைகிறது. நெல்லுக்கு வரும் லாபம் பெரும்பாலும் இந்த மிச்சம்தான்.

சி4 புல் இந்த நஷ்டத்தை ஏற்கெனவே அடைத்துவிட்டது. இலையின் வெளி அறைகளில் கரியமில வாயுவை வேறொரு நொதியால் பிடித்து, நான்கு கரிம அணுக்கள் உள்ள அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள் அறைக்குத் தள்ளி, அங்கே நெருக்கமாகச் சேர்த்து வைத்து ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. 1960-களில் ஹவாயிலும், பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவரும் கரும்பை வைத்துத்தான் இதைப் பிரித்து அறிந்தார்கள். ரூபிஸ்கோவுக்கு உள்ளே ஏற்கெனவே நிறைந்து கிடக்கும்போது வெளிக் காற்றில் 100 பங்கு கூடினால் அருகம்புல்லுக்கு நேராகக் கிடைப்பது சொற்பம்.

அப்படியானால் சி4 புல்லுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது தண்ணீர் வழியாக வருகிறது. கரியமில வாயு அதிகம் இருந்தால் எந்தச் செடியும் இலைத்துளையைக் கொஞ்சம் மூடிக்கொள்ளும். மூடினால் நீராவியாகப் போகும் தண்ணீர் குறையும், மண்ணில் ஈரம் சில நாள் கூட நிற்கும். அமெரிக்காவின் இல்லினாயில் திறந்த வயலில் செய்த மக்காச்சோளச் சோதனையில், மழை போதுமாக இருந்த பருவத்தில் கரியமில வாயுவைக் கூட்டியும் விளைச்சல் கூடவில்லை. அரிசோனாவில் சோளத்துக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. வயோமிங்கின் வறண்ட புல்வெளியில் கரியமில வாயுவை 600 பங்குக்கு ஏற்றி, சூட்டையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தார்கள். சூடு உறிஞ்சிய ஈரத்தைக் கரியமில வாயு மிச்சப்படுத்திய ஈரம் ஈடுகட்டியது; ஜெயித்தது சி4 புல்.

செட்டிநாட்டுக்கு இது பொருந்துமா? ஓரளவு பொருந்தும். ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை, மாசியில் மண் காயும்போது புல் இன்னும் சில நாள் பச்சையாக நிற்கலாம். வருஷத்துக்குச் சில நாள் கூடுதல் பச்சை என்பது கண்ணுக்குத் தெரிகிற செழிப்பு இல்லை. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி மண். இந்த இடத்தில் நிதானமாக இருங்கள், கேள்வியின் கனமே இங்கேதான். இலை கரிமத்தை எவ்வளவு சேர்த்தாலும் அதை உடம்பாக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும். வாசலில் செங்கல் லோடு லோடாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, சுண்ணாம்பு மட்டும் வந்து சேரவில்லை என்றால் சுவர் எழும்பாது, அந்தக் கதைதான். கரியமில வாயு கூடக் கூட, செடியின் உடம்பில் கரிமம் சேர்கிறது, உதிரும் சருகும் வேரும் கரிமம் மிகுந்து தழைச்சத்து குறைந்ததாகிறது. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்து வைத்துக்கொள்கின்றன. செடிக்குக் கிடைப்பது குறைகிறது. முதல் சில வருஷம் துள்ளிய வளர்ச்சி பிறகு அடங்கிவிடும்.

இதைப் பொறுமையாக அளந்த சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில், பீட்டர் ரீச் என்பவர் தலைமையில், 1998 முதல் புல் பாத்திகள் மேல் 180 பங்கு கூடுதல் கரியமில வாயுவை ஊதிக்கொண்டே இருந்தார்கள். கலப்புச் செடிப் பாத்திகளில், தழைச்சத்து இடாத இடத்தில் கரியமில வாயுவின் பலன் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. இட்ட இடத்தில் நின்றது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது 20 ஆண்டுக் கணக்கை 2018-இல் வெளியிட்டபோது வந்தது. முதல் 12 ஆண்டு பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது. சி3 புல் சுமார் 20 சதவீதம் கூடியது, சி4 வெறும் ஒரு சதவீதம். அடுத்த 8 ஆண்டில் அப்படியே தலைகீழ். சி3 இரண்டு சதவீதம் குறைந்தது, சி4 24 சதவீதம் கூடியது. மண்ணைச் சோதித்தால், சி4 பாத்திகளில் மக்கிய பொருளிலிருந்து தழைச்சத்து விடுபடுவது காலப்போக்கில் கூடியிருந்தது. சி3 பாத்திகளில் குறைந்திருந்தது. இலைக்குள் எழுதியிருந்த தீர்ப்பை மண் மாற்றி எழுதிவிட்டது.

மினசோட்டாவின் மணல் வேறு, பனி உறையும் ஊர் வேறு. 24 சதவீதம் காரைக்குடியிலும் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: ஐந்தாறு வருஷச் சோதனையை வைத்துப் புல்லின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது, மண்ணின் தழைச்சத்துக் கணக்கைப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

நம் மண்ணில் தழைச்சத்தைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்வது மணிச்சத்து. திருமயம், கானாடுகாத்தான், பள்ளத்தூர் சுற்றிச் செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். அந்தச் சிவப்பு இரும்பின் நிறம். இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண் மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். பரிசோதனையில் மண்ணில் இருப்பதாகத் தெரியும் மொத்த மணிச்சத்தில் வேர் எடுக்க முடிவது கொஞ்சமே. இப்படி மணிச்சத்து வறண்ட நிலத்தில் கரியமில வாயு கூடினால் என்ன ஆகும் என்று ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகில் வளர்ந்த காட்டிலேயே ஊதிப் பார்த்தார்கள். இலைகள் ஒளிச்சேர்க்கையை 19 சதவீதம் கூட்டின. ஆனால் மரம் பருக்கவில்லை. அந்தக் காட்டில் நிற்கும் மரம் எது தெரியுமா? நம் பக்கம் ஏக்கர் கணக்கில் நட்டு வைத்திருக்கிறோமே, அதே தைலமரம்.

சரி, புல்லின் அளவு ஒருபுறம் இருக்கட்டும். மாடு வைத்திருப்பவர் அதிகம் கவலைப்பட வேண்டியது புல்லின் தரத்தைப் பற்றி என்பது என் எண்ணம். இந்த விஷயத்தைச் செய்திகளில் யாரும் பேசுவதில்லை.

மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் புரதம் வேண்டும். தீவனத்தில் புரதம் சுமார் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். நார் செரிக்காது, மாடு தின்பதே குறைந்துவிடும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பு வற்றும். சி4 புல் இயல்பாகவே குறைந்த தழைச்சத்தில் காலம் தள்ளக் கற்றது. ரூபிஸ்கோவைச் சிக்கனமாக வைத்துக்கொள்வதால் அதன் இலையில் புரதமும் குறைவு. பூத்து முற்றிய ஊசிப்புல் ஏழு சதவீதத்துக்குக் கீழே போய் ரொம்ப நாளாகியிருக்கும். வைக்கோல் மூன்று, நாலு சதவீதம். இந்தக் குறைந்த கையிருப்பு மேலும் நீர்த்துப்போவதுதான் கரியமில வாயுவின் வேலை. வயோமிங் சோதனையில் புல்லின் அளவு கூடியது என்றேனே, அதே நிலத்தில் புல்லின் தழைச்சத்தும் செரிமானத் தன்மையும் குறைந்தன. சூட்டை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் குறைந்தன. அதிகப் புல், குறைந்த சத்து.

நெல்லும் ஒரு புல்தானே, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுவயல் ஆலைகளுக்குப் போகும் நெல்லானாலும் கல்யாண வீட்டுக் கவுனி அரிசியானாலும் எல்லாம் சி3. ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலில் 200 பங்கு கூட்டிச் செய்த சோதனைகளில் சாதாரண ரகங்கள் ஏறத்தாழ 12 சதவீதமும், சில வீரிய ஒட்டு ரகங்கள் 30 சதவீதத்தை ஒட்டியும் கூடுதலாக விளைந்தன. தழைச்சத்து குறைவாகக் கொடுத்தபோது இந்த லாபமும் சுருங்கியது. அரிசியின் தரமோ இறங்கியது. 18 ரகங்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில் புரதம் சராசரியாக 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும், பி1 உயிர்ச்சத்து 17 சதவீதமும் குறைந்திருந்தன. ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இருந்ததால் எல்லா அரிசிக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. சி4 தானியங்களில் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சோதித்தபோது இந்தச் சரிவு மிகக் குறைவு. வரகும் கேழ்வரகும் அந்த வகைதான் என்பதால் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை கூடுதல்.

களை விஷயத்திலும் மண்ணே நடுவர். புழுதியில் விதைக்கும் நெல்லுக்கு நடுவே முளைக்கும் குதிரைவாலிக் களை சி4. நெல் சி3 என்பதால் கரியமில வாயு கூடினால் நெல்லின் கை ஓங்க வேண்டும். தழைச்சத்து போதுமாக இருந்தால் அப்படித்தான் ஆகிறது. சீனாவில் நெல்லையும் குதிரைவாலி இனக் களையையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, தழைச்சத்து குறைந்த பாத்தியில் நெல்லுக்கு அந்த அனுகூலம் கிடைக்கவில்லை.

பொட்டலில் நடக்கும் இன்னொரு போட்டி உங்கள் கண்ணுக்கே தெரியும்: புல்லுக்கும் சீமைக்கருவேலத்துக்கும். கருவேலம் சி3 என்பதால் கரியமில வாயு கூடினால் நேரடி லாபம். வேரில் தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்வதால் மண் ஏழையாக இருப்பது அதற்குப் பெரிய தடை இல்லை. புல் மிச்சம் பிடித்த ஈரம் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கினால் அதன் கன்று அதையும் எடுத்துக்கொள்ளும். உலகின் பல புல்வெளிகளில் மரமும் புதரும் அடர்வதற்கு மேய்ச்சல் முறை, தீ இல்லாமை இவற்றோடு கரியமில வாயுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செட்டிநாட்டில் கருவேலம் பரவியதற்குக் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, விதையைத் தின்று சாணத்தோடு போட்டுப் பரப்பியதில் நம் ஆடு மாடுகளின் பங்கு பெரிது. ஆனாலும் காற்று இப்போது அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. கரியமில வாயுவால் இந்த மேய்ச்சல் நிலத்தில் யாருக்கு லாபம் என்று ஒரே வரியில் கேட்டால், புல்லுக்கு முன்னால் கருவேலத்தைத்தான் காட்டுவேன்.

இப்போது யூரியா. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, தூவினால் ஒரு மழைக்குப் புல் கருகருவென்று வரும். அடுத்த மழைக்குத் திரும்பத் தூவ வேண்டும். மணிச்சத்து கட்டுண்டு கிடக்கும் மண்ணில் தழைச்சத்தை மட்டும் ஏற்றினால் அடுத்த தட்டுப்பாட்டில் போய் முட்டும். நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1856 முதல் நடக்கும் வைக்கோல்புல் சோதனை இருக்கிறது. உரமிடாத பாத்தியில் நாற்பதை ஒட்டிய செடி வகைகள் நிற்கின்றன. அமோனியம் உரத்தை ஆண்டுக்கணக்கில் கொட்டி, சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்தி புளித்துப்போய், விரல்விட்டு எண்ணும்படி சில புல் வகைகளே மிஞ்சின. முதலில் காணாமல் போனவற்றில் பயறு இனச் செடிகளும் உண்டு. உங்கள் பொட்டலில் நரிப்பயறும் கொழிஞ்சியும் காசு வாங்காமல் தழைச்சத்து சேர்த்துக்கொண்டிருக்கின்றன. யூரியா போட்டு அவற்றை விரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொது மேய்ச்சல் நிலத்துக்கு யூரியா வேண்டாம். பாசனத்தோடு நீங்கள் தனியாக வைத்திருக்கும் கோ-4 கம்பு நேப்பியர் பாத்தி என்றால் அது வேறு கதை. அறுத்து அறுத்து எடுக்கிற புல்லுக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

பொட்டலுக்கு என்ன செய்யலாம்? கிடை போடுங்கள், அதாவது இரவில் மந்தையை அந்த நிலத்திலேயே அடைத்து வையுங்கள். ஆட்டுக்கிடை போட்டால் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சேர்ந்தே வருகின்றன, கூடவே மக்கும் பொருளும். அந்த மக்கு இரும்பின் பிடியிலிருந்து மணிச்சத்தைக் கொஞ்சம் விடுவிக்கவும் செய்யும். ஆட்டு மந்தை ஓட்டும் நம் கீதாரிகள் கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓட்டிப் போய் அந்த வயல்களை வளப்படுத்திவிட்டு வருகிறார்கள். ஊர் ஒத்துக்கொண்டால் ஒரு பகுதி இரவுகளை இங்கேயும் கேட்டு வாங்கலாம். கண்மாய் உள்வாயில் நீர் வற்றும்போது புல் ஏன் அவ்வளவு கொழுகொழுவென்று வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். மேட்டிலிருந்து அடித்து வந்த சத்தெல்லாம் அந்த வண்டலில்தான் கிடக்கிறது. அனுமதி வாங்கி வண்டல் எடுக்கும் காலத்தில் சில வண்டி உங்கள் சொந்த மேட்டு நிலத்துக்கும் போகட்டும்.

சொந்தப் புஞ்சை தரிசாகக் கிடந்தால் கொழுக்கட்டைப்புல்லை விதைத்து ஊடே முயல்மசால் வையுங்கள். முயல்மசால் மணிச்சத்து குறைந்த, கொஞ்சம் புளித்த செம்மண்ணிலும் மானாவாரியாக வரும். பயறு இனம் என்பதால் தழைச்சத்தைத் தானே சேர்க்கும், சி3 என்பதால் கூடுகிற கரியமில வாயுவையும் பயன்படுத்திக்கொள்ளும். புல்லில் குறைகிற புரதத்தை அதன் தழை ஈடுகட்டும். விதைத் தோல் கெட்டி. சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். விதைக்கு முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புளிப்பு நிலையையும் மணிச்சத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நம் மண்ணுக்கு எது தோது என்று அங்கே கேட்கலாம்.

யூரியா வாங்கியே தீருவேன் என்றால் அதை வைக்கோலுக்குப் பயன்படுத்துங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் அளவு தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வையுங்கள். பிரித்த பிறகு நெடி போகக் காற்றாட விட்டு, முதலில் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பழக்குங்கள். மூன்று, நாலு சதவீதம் இருந்த புரதக் கணக்கு ஏழைத் தாண்டும், நாரும் இளகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியாவைக் கரைத்த வாளியை மாடு குடிக்கும்படி எங்கேயும் வைத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.